மலத்தில் ‘ஒன்றும் இல்லை’யாம்! ஒரு சொட்டில் எழுதப்படும் தீர்ப்பு

“ஓவா – நில். சிஸ்ட் – நில்.”

மலப் பரிசோதனைக்குக் கொடுத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த இரண்டு வரியும் மனப்பாடமாகியிருக்கும். காலையில் டப்பாவைக் கொடுத்து, மதியம் ரிப்போர்ட்டை வாங்கி, டாக்டர் அதை ஒரு பார்வை பார்த்து “பூச்சி எதுவும் இல்லை” என்று சொன்னால் கதை முடிந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் கதை முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. அந்த ‘நில்’லை எழுதியவர் உண்மையில் எவ்வளவு பார்த்தார்? ஸ்லைடில் ஒரு சொட்டு சலைன், அதில் ஒரு சிவகாசித் தீக்குச்சியின் நுனியில் ஒட்டுகிற அளவு மலம், மேலே ஒரு கவர் ஸ்லிப். எடை போட்டால் சுமார் 2 மில்லிகிராம் தேறும். ஒருவர் ஒரு நாளில் கழிப்பது 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், பார்த்தது அதில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு!! கண்மாயில் ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு பார்த்துவிட்டு “இந்தக் கண்மாயில் மீனே கிடையாது” என்று பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

‘காணவில்லை’ என்பது வேறு. ‘இல்லை’ என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதுதான் மலப் பரிசோதனையின் பெரிய மோசடி. எல்லா ஊரிலும் இது தவறுதான். விருதுநகர் மாவட்டத்தில், குறிப்பாக சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பட்டாசுப் பகுதியில், இது தவறு மட்டுமல்ல, ஆபத்து. ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால் புழுவைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று புழுக்கள்

மனிதக் குடலில் வளரும் நாடாப்புழுக்களில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது டீனியா சாஜினேட்டா. சரியாக வேகாத மாட்டுக்கறி வழியாக வருவது. 4 முதல் 10 மீட்டர் வரை வளரும். கேட்கவே பயமாக இருந்தாலும் இது ஒப்பீட்டளவில் சாதுவான புழு.

இரண்டாவது டீனியா சோலியம். சரியாக வேகாத பன்றிக்கறி வழியாக வருவது. நீளம் 2 முதல் 4 மீட்டர்தான். ஆனால் வில்லன் இதுதான். இதன் முட்டை மனித வயிற்றுக்குள் போனால் அதிலிருந்து வெளிவரும் கரு குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போய் நீர்க்கட்டியாக உட்கார்ந்துகொள்ளும். மூளையில் உட்கார்ந்தால் அதன் பெயர் நியூரோசிஸ்டிசெர்கோசிஸ். அதன் முக்கியமான அறிகுறி வலிப்பு. முட்டை உள்ளே போன நாளுக்கும் முதல் வலிப்பு வரும் நாளுக்கும் நடுவில் பல ஆண்டுகள் ஓடியிருக்கலாம்.

மூன்றாவது ஹைமனோலெபிஸ் நானா என்கிற குட்டை நாடாப்புழு. சில சென்டிமீட்டர்தான் இருக்கும். இதற்கு மாடும் வேண்டாம், பன்றியும் வேண்டாம். குழந்தையின் கையிலிருந்து இன்னொரு குழந்தையின் வாய்க்கு நேரடியாகப் போகும். ஒரே குழந்தையின் குடலுக்குள்ளேயே பெருகவும் செய்யும்.

லேபுக்கு வரும் சவால் இங்கேதான் இருக்கிறது. நானாவின் முட்டையைக் கண்டுபிடிக்கலாம். உள்ளே ஆறு கொக்கிகளோடு கரு, அதைச் சுற்றிய உறையின் இரு முனையிலிருந்தும் கிளம்பும் மெல்லிய இழைகள் என்று அதன் அடையாளம் தனியாகத் தெரியும். ஆனால் சாஜினேட்டாவின் முட்டையும் சோலியத்தின் முட்டையும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். 30 முதல் 40 மைக்ரான், வட்டம், ஆரக்கால் போட்ட மாதிரிக் கோடுகள் உள்ள தடித்த ஓடு, உள்ளே ஆறு கொக்கிகள். சாதுவா வில்லனா என்று முட்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. “டீனியா முட்டை உள்ளது” என்று எழுதி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் லேப், பாதிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. டீனியா தினமும் ஒழுங்காக முட்டை போட்டு மலத்தில் கலந்துவிடும் பிராணி அல்ல. முட்டைகள் நிறைந்த கடைசித் துண்டுகள் அப்படியே கழன்று வெளியே வரும். சோலியத்தின் ஒரு துண்டில் மட்டும் சுமார் 50,000 முட்டைகள் இருக்கும். துண்டு உடைந்தால் அன்றைய மலத்தில் முட்டை கொட்டிக் கிடக்கும். உடையாவிட்டால் அன்றைக்கு ஒன்றுமே இருக்காது. வயிற்றுக்குள் மூன்று மீட்டர் புழுவை வைத்துக்கொண்டு ‘நில்’ ரிப்போர்ட் வாங்குவது அதிசயம் இல்லை, அடிக்கடி நடப்பதுதான்.

“அதெல்லாம் பன்றிக்கறி சாப்பிடுறவங்களுக்கு...”

நாடாப்புழு என்று பேச்செடுத்தாலே வந்து விழும் வசனம் இது. சொல்பவர் முகத்தில் ஒரு பெருமை வேறு இருக்கும். இது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிட மோசமானது.

வேகாத பன்றிக்கறியைச் சாப்பிட்டவருக்கு வருவது குடலில் புழு. மூளையில் கட்டி வருவது கறியிலிருந்து அல்ல, *மனித மலத்திலிருந்து*. புழுவைச் சுமக்கும் ஒருவர் சரியாகக் கை கழுவாமல் சமைத்தால், பரிமாறினால், குழந்தைக்கு ஊட்டினால், முட்டை அடுத்தவர் வயிற்றுக்குப் போகிறது. திறந்தவெளியில் கழித்தது மழையில் கரைந்து கீரைப் பாத்திக்கு வந்தாலும் அதே கதைதான். கறி சாப்பிட்டவருக்குப் புழு. கோழி முட்டைகூடத் தொடாத பக்கத்து வீட்டுக்காரருக்கு மூளையில் கட்டி!

நம்பிக்கை வராதவர்கள் நியூயார்க்கைப் பார்க்கலாம். பன்றிக்கறியை மதக் கட்டளைப்படி அறவே தொடாத பழமைவாத யூதர் சமூகத்தில் நான்கு பேருக்கு இந்த மூளைக் கட்டியும் வலிப்பும் வந்தன. 1992-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வு இது. எப்படி வந்தது என்று தேடிப் போனவர்கள், அந்த வீடுகளில் வேலை பார்த்த லத்தீன் அமெரிக்கப் பணியாளர்களையும் பரிசோதித்தார்கள். அவர்களில் ஒருவரின் குடலில் டீனியா இருந்தது. சமையலறையில் பன்றி நுழையவே இல்லை. புழு முட்டை நுழைந்துவிட்டது.

விருதுநகர்க் கணக்கில் சொன்னால், எண்ணெய் பரோட்டாவில் புழு முட்டை பிழைக்காது, கொதிக்கிற எண்ணெய் விட்டுவைக்காது. ஆனால் பக்கத்தில் வைக்கிற பச்சை வெங்காயத்துக்கும், மேலே தூவுகிற கொத்தமல்லிக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதை நறுக்கிய கை எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி. நறுக்கியவர் என்ன கறி சாப்பிடுகிறார், எந்தத் தெருக்காரர் என்பது அல்ல. இந்த நோயை வைத்து ஒரு சாதியையோ ஒரு தெருவையோ வெளியூர்த் தொழிலாளியையோ கைகாட்டுபவர்கள் அறிவியலும் பேசவில்லை, சுகாதாரமும் பேசவில்லை. பன்றியே இதில் குற்றவாளி அல்ல. மனிதன் வெளியே விட்டதைத் தின்று, அதனால் உடம்பெல்லாம் கட்டி வாங்கிக்கொண்ட அப்பாவி அது. பன்றி பிடிக்கும் வண்டியை மட்டும் அனுப்பிவிட்டால் நோய் ஒழிந்துவிடாது. சங்கிலியை அறுக்க வேண்டிய இடம் புழுவைச் சுமக்கும் மனிதர். அவரைக் கண்டுபிடிக்கும் வழி மலப் பரிசோதனை. சுமப்பவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது. அவராகவே ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்.

இது புதிதாகக் கிளம்பிய பூதம் அல்ல

இந்தியாவில் இந்த மூளைக் கட்டி முதன்முதலில் பதிவானதே சென்னையில்தான். 1888-இல் வலிப்பு வந்து இறந்துபோன ஒரு கூலித் தொழிலாளியின் பிரேதப் பரிசோதனையில் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் இதைக் கண்டார். பிறகு பிரிட்டிஷ் ராணுவம் விழித்துக்கொண்டது. காரணம் கருணை அல்ல, அவர்களுடைய சிப்பாய்களுக்கே வலிப்பு வந்தது. டிக்சன், லிப்ஸ்கோம்ப் என்ற இருவர் 450 நோயாளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 1961-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் இந்தியாவில் பணிபுரிந்த ராணுவத்தினர்.

அதற்கப்புறம் வேலூர். 1980-களில் சி.டி. ஸ்கேன் வந்த புதிதில், வலிப்பு வந்தவர்களின் மூளையில் ஒற்றைச் சிறு புள்ளி ஒன்று தெரிந்தது. நாட்டில் காசநோய் அதிகம், எனவே இது காசநோய்க் கட்டிதான் என்று ஊகித்தார்கள். எத்தனையோ பேர் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சாண்டி, ராஜசேகர் குழுவினர் அந்தப் புள்ளியை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் *பார்த்தார்கள்*. இருந்தது நாடாப்புழுவின் கட்டி. 1989-இல் ‘லான்செட்’ இதழில் இது வெளியானது. ஊகத்துக்கும் பார்ப்பதற்கும் உள்ள தூரம் இவ்வளவுதான்.

அதே வேலூர்க் குழு மாவட்டத்தில் சுமார் 50,000 பேரை வீடு வீடாகப் போய் விசாரித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது. வலிப்பு நோய் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தக் கட்டி. பேய் இல்லை, சாபம் இல்லை, பரம்பரை இல்லை. தடுக்கக்கூடிய ஒரு புழு!

வேலூரிலிருந்தே இன்னொரு உதாரணம். மீன் வழியாக வரும் டைஃபில்லோபாத்ரியம் என்ற நாடாப்புழு இந்தியாவில் மனிதரிடம் இருப்பதாக முதலில் பதிவானது 1998-இல், அந்தக் கல்லூரியிலிருந்துதான். தேடுகிறவர் கண்ணில்தான் புழு படும். தேடாத லேபின் ரிஜிஸ்டரில் புழுவே இருக்காது. பிறகு அந்த ரிஜிஸ்டரையே ஆதாரமாகக் காட்டி “இந்த ஊரில் நாடாப்புழு கிடையாது” என்பார்கள். நல்ல கூத்து!

பட்டாசு ஊரில் வலிப்பு என்றால்

மற்ற ஊர்களில் வலிப்பு வந்தால் ஆள் கீழே விழுவார். அடிபடும், பல்லில் நாக்கு கடிபடும், ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடுவார். அதுவே போதுமான துயரம்.

பட்டாசு அறைக்குள் அப்படி இல்லை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் கலந்த மருந்துக்கு உராய்வும் அதிர்ச்சியும் ஆகாது. அதனால்தான் ஓர் அறைக்கு இத்தனை பேருக்கு மேல் கூடாது, தரையில் எதையும் இழுக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள். மருந்து செலுத்திக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு அங்கே வலிப்பு வந்தால், அவர் கையில் இருப்பது எங்கே விழும், கால் எதை உதைக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கதி என்ன? யோசித்துப் பார்த்தாலே போதும், புள்ளிவிவரம் தேவையில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வலிப்பு என்று தெரிந்தால் வேலை போகும். வாரச் சம்பளத்தை நம்பி இருக்கும் வீட்டில் அதை யார் வெளியே சொல்வார்கள்? மறைப்பார்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். கல்யாணமாகாத பெண் என்றால் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள். மாத்திரை சாப்பிடாமலே திரும்ப வேலைக்கும் அனுப்பிவிடுவார்கள்.

துணிந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் குடும்பத்துக்கு என்ன நடக்கிறது? மதுரைக்குப் போய் தலைக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். ஸ்கேனில் கட்டி தெரிகிறது. வலிப்பு மாத்திரை எழுதப்படுகிறது, கட்டிக்கு மருந்து எழுதப்படுகிறது. எல்லாம் சரி. ஆனால் “உங்கள் வீட்டில் இருக்கும் எல்லோருடைய மலத்தையும் பரிசோதிக்க வேண்டும்” என்று ஒருவர் சொல்ல வேண்டுமே! கட்டி வந்தவரின் குடலில் புழு இல்லாமல் இருக்கலாம். முட்டையைக் கொடுத்தவர் அதே வீட்டில் சமைப்பவராக இருக்கலாம். அவரைத் தேடாவிட்டால் அடுத்த முட்டை அந்த வீட்டுக் குழந்தைக்குப் போகும். நெருப்பு எங்கே பற்றியது என்று பார்க்காமல் புகையை மட்டும் விசிறிவிடுகிற வைத்தியம் இது. அதுவும் நெருப்பைப் பற்றி நாட்டுக்கே பாடம் எடுக்கத் தகுதியுள்ள ஊரில்!

லேப் என்ன செய்ய வேண்டும்?

ராக்கெட் விட வேண்டாம். கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை பாட்டன் காலத்து முறைகள்.

1) *ஒரு கேள்வி.* “மலத்தில் வெள்ளையாக, தட்டையாக, நாடாத் துண்டு மாதிரி ஏதாவது பார்த்தீர்களா?” படத்தைக் காட்டிக் கேட்டால் இன்னும் நல்லது. பைசா செலவில்லை. சாஜினேட்டாவின் துண்டு தானாகவே ஊர்ந்து வெளியே வரும், நோயாளிக்கே தெரியும். சோலியத்தின் துண்டு மலத்தோடு சத்தமில்லாமல் போகும், அதனால் கேட்டால்தான் ஞாபகம் வரும்.

2) *துண்டைத் தூக்கி எறியாதீர்கள்.* டப்பாவில் கொஞ்சம் சலைன் ஊற்றி அதில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் வைத்து அழுத்தி, கருப்பையில் மை ஏற்றி, நடுத் தண்டிலிருந்து ஒரு பக்கமாகப் பிரியும் கிளைகளை எண்ண வேண்டும். 7 முதல் 13 என்றால் சோலியம். 12 முதல் 30 என்றால் சாஜினேட்டா. 12, 13 என்று நடுவில் மாட்டிக்கொண்டால் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்ப வேண்டும். தலை கிடைத்தால் இன்னும் சுலபம். இரண்டுக்கும் நான்கு உறிஞ்சிகள் உண்டு, கொக்கி வரிசை சோலியத்துக்கு மட்டும்தான். கையுறை கட்டாயம். சோலியம் முட்டை டெக்னீஷியனையும் விட்டுவைக்காது.

3) *ஒரு நாள் போதாது, மூன்று நாள்.* ஒரு பேச்சுக்கு, ஒரு மாதிரியில் புழு பிடிபடும் வாய்ப்பு நூற்றுக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 பேர் தப்பிவிடுவார்கள். வெவ்வேறு நாளில் மூன்று மாதிரி பார்த்தால் தப்புவது சுமார் 22 பேர்தான். பள்ளிக்கூடக் கணக்கு.

4) *செறிவாக்கிப் பாருங்கள்.* சுமார் 1 கிராம் மலத்தை ஃபார்மலினில் கரைத்து, வடிகட்டி, ஈதர் சேர்த்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் முட்டைகள் அடியில் வண்டலாகத் தங்கும். எடுத்துக்கொள்ளும் மலம் நேரடி முறையைப் போல 500 மடங்கு. ரிட்சி இந்த முறையை வெளியிட்டது 1948-இல்! பாடப் புத்தகத்தில் இருக்கிறது, பிராக்டிகல் பரீட்சையில் இருக்கிறது, ரெக்கார்டு நோட்டில் கலர் பென்சிலில் வரைந்து மார்க்கும் வாங்கியாயிற்று. வேலைக்குச் சேர்ந்ததும் அது மட்டும் மாயமாகிவிடுகிறது.

5) *சந்தேகம் தீராவிட்டால் ஆன்டிஜென்.* புழு முட்டை போடாத நாளிலும் அதன் உடலிலிருந்து கசியும் புரதம் மலத்தில் இருக்கும். அதைப் பிடிக்கும் எலிசா சோதனை 1990 வாக்கிலேயே உருவாகிவிட்டது. மைக்ரோஸ்கோப்பைவிடப் பல மடங்கு கூர்மையானது. எந்த டீனியா என்று சொல்லாது, டீனியா இருக்கிறது என்று சொல்லும். ஜவ்வாது மலையில் வேலூர்க் குழு நாடாப்புழு ஒழிப்பை அளந்தது இப்படிப்பட்ட சோதனையை வைத்துத்தான். ஒவ்வொரு தெரு லேபிலும் இது வேண்டாம். மாவட்டத்துக்கு ஓர் இடத்தில் இருந்தால் போதும்.

6) *மருந்துக்குப் பிறகும் பாருங்கள்.* தலை குடலில் தங்கிவிட்டால் புழு திரும்ப வளரும். ஒன்றாவது மாதமும் மூன்றாவது மாதமும் மறுபடி மலப் பரிசோதனை செய்ய வேண்டும்.

7) *நேர்மையாக எழுதுங்கள்.* “ஓவா நில்” என்பதற்குப் பதிலாக “ஒரு மாதிரி, நேரடி முறை, முட்டை காணப்படவில்லை” என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? படிக்கும் டாக்டருக்கு இன்னும் இரண்டு மாதிரி கேட்கத் தோன்றும்.

அதிகம் கேட்பதாகத் தோன்றுகிறதா? மலேரியாவுக்கு ரத்தப் பூச்சில் 100 புலங்களைப் பார்க்காமல் நெகட்டிவ் எழுதக் கூடாது என்று டெக்னீஷியனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காசநோய்க்குச் சளியை இரண்டு முறை வாங்குகிறார்கள். இதே மைக்ரோஸ்கோப், இதே டெக்னீஷியன், இதே ஆரம்ப சுகாதார நிலையம். மலம் என்று வந்தால் மட்டும் ஏன் ஒரு சொட்டு, ஒரு நிமிடம், ஒரு ‘நில்’? மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை என்பதாலா? மலத்தின் மேல் இருக்கும் அருவருப்பு லேப் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் உண்மை.

வழக்கமான சாக்குகள்

*“அதுதான் பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்களே?”* கொடுக்கிறார்கள். 2015-இல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை ஆல்பெண்டசோல் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் உண்டு. நல்ல திட்டம், யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அது குறிவைப்பது உருண்டைப் புழு, கொக்கிப் புழு, சாட்டைப் புழு மூன்றையும். ஒரே ஒரு 400 மில்லிகிராம் ஆல்பெண்டசோலை நம்பி டீனியா போய்விட்டது என்று இருக்க முடியாது. அதற்கு நிக்லோசமைட் அல்லது பிராசிகுவாண்டல் வேண்டும். நானாவுக்கு பிராசிகுவாண்டலின் அளவே வேறு. 45 வயது சமையல்காரர் அந்த வரிசையில் நிற்கவே போவதில்லை.

*“அப்படியென்றால் எல்லோருக்கும் பிராசிகுவாண்டல் கொடுத்துவிடலாமே, டெஸ்ட் எதற்கு?”* இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். அந்த மருந்து ரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகும். அங்கே யாருக்கும் தெரியாமல் கட்டி தூங்கிக்கொண்டிருந்தால் அதைக் கிளப்பிவிட்டு வலிப்பையே வரவழைக்கலாம். நிக்லோசமைட் குடலிலேயே நின்றுவிடும். எந்தப் புழு, எந்த மருந்து என்று தெரிந்து கொடுப்பதற்குத்தான் லேப்.

*“டெக்னீஷியனுக்கு நேரம் எங்கே?”* நியாயமான கேள்வி. சுகர், ரத்த அணு, சளி, சிறுநீர் எல்லாவற்றையும் ஒரே ஆள் பார்க்கும் இடத்தில் அவரைத் திட்டிப் புண்ணியமில்லை. குற்றம் அவர் தலையில் இல்லை. ஆள் போடாதவர்கள், முறை வகுக்காதவர்கள், ‘நில்’ வந்தால் ஏன் என்று கேட்காதவர்கள் தலையில். வந்த எல்லோருக்கும் மூன்று மாதிரி வேண்டாம். வலிப்பு வந்தவர், அவர் வீட்டார், மலத்தில் துண்டு பார்த்ததாகச் சொன்னவர், இவர்களுக்கு மட்டும் கட்டாயமாக்கினால் போதும். சுமை தாங்கக்கூடியதுதான்.

*“செலவு?”* ரத்தத்தைச் சுற்றும் அதே சென்ட்ரிஃபியூஜ் மலத்தையும் சுற்றும். தேவை கொஞ்சம் ஃபார்மலின், கொஞ்சம் ஈதர், தனிக் குழாய்கள். ஒரே ஒரு தலை ஸ்கேனுக்கும் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் வலிப்பு மாத்திரைக்கும் முன்னால் இதெல்லாம் ஒரு செலவா?

கேட்க வேண்டியது

விருதுநகர் 2018-இல் மத்திய அரசின் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2022 ஜனவரி 12 அன்று இங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரி என்றால் நுண்ணுயிரியல் துறையும் உண்டு. மாவட்டம் முழுவதிலிருந்தும் புழுத் துண்டையும் சந்தேக மாதிரியையும் வாங்கி இனம் பிரித்துச் சொல்லும் இடமாக அந்தத் துறை ஏன் இருக்கக் கூடாது? பட்டாசுத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்கப்படுகிறது. அந்த ஆஸ்பத்திரியில் வலிப்பு என்று பதிவாகும் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் மல டப்பாக்கள் ஏன் போகக் கூடாது? 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வாசலுக்கே வருகின்றன. அதே பையில் நான்கு காலி டப்பா வைக்க இடமில்லையா?

கூடவே, வலிப்பு வந்த தொழிலாளியை மருந்து அறையிலிருந்து எடுக்கும்போது வேலையிலிருந்தே எடுக்காமல், லேபிள் ஒட்டும் இடத்துக்கோ பெட்டி கட்டும் இடத்துக்கோ அதே கூலியில் மாற்ற வேண்டும். அந்த உத்தரவாதம் இல்லாதவரை யாரும் நோயை வெளியே சொல்ல மாட்டார்கள். சொல்லாத நோயை எந்த லேபும் கண்டுபிடிக்காது.

அதுவரை ஆளுக்கு ஆள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை ‘நில்’ என்ற ரிப்போர்ட் கையில் கிடைத்தால் மடித்துப் பையில் வைக்கும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள். எத்தனை நாள் மாதிரி பார்த்தீர்கள்? செறிவாக்கிப் பார்த்தீர்களா, நேரடியாகவா? முதல் ஆள் கேட்டால் முறைப்பார்கள். பத்தாவது ஆள் கேட்டால் ஈதர் பாட்டிலைத் தேட ஆரம்பிப்பார்கள்.